குழு வேலைக்கு முன்னால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் ஆசிரியரின் கேள்வி இது: "குழுவாகப் பிரித்து வேலை கொடுத்தவுடன் ஒவ்வொரு குழுவிடமும் போய் அதே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து பேர் இருக்கும் குழுவில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். சரி, முதலிலேயே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றால், அப்புறம் அவர்கள் யோசிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று தயக்கமாக இருக்கிறது. குழு வேலைக்கு முன்னால் எவ்வளவுதான் சொல்வது?"

உங்கள் தயக்கம் நியாயமானது. அதைக் கைவிட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் குழுவாக உட்காரவைத்தால், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒர்க்‌ஷீட்டை நிரப்புவதோடு அது முடிந்துபோகும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் விடுவது மாணவர்களுக்குச் சுதந்திரம் கொடுப்பதாகிவிடாது. வேலை தெளிவில்லாமல் இருந்தால் அவர்கள் பாடத்தைப் பற்றி யோசிப்பதில்லை, ஆசிரியர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த மாதிரி வேலை ஏற்கெனவே பழகியவர்கள் அந்த ஊகத்தில் முந்திக்கொள்வார்கள், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வேடிக்கை பார்ப்பதாக நீங்கள் சொல்லும் அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாமல் இருக்கும். அதை வாய்விட்டுக் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

அதனால் சொல்ல வேண்டியவற்றையும் சொல்லக்கூடாதவற்றையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வேலையின் வடிவத்தைப் பற்றி முழுதாகச் சொல்லிவிட வேண்டும். முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு நேரம், எதை வைத்துச் செய்வது, யாருக்கு என்ன பொறுப்பு, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, இதெல்லாம் வடிவம். விடையைப் பற்றியும், விடைக்குப் போகும் வழியைப் பற்றியும் வாயே திறக்கக்கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரு விஷயம் வடிவமா வழியா என்று முடிவு செய்வதில்தான் ஆசிரியரின் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தனி ஊசல் பாடம். ஒரு நூல், அதன் முனையில் ஓர் எடை. "ஊசலின் ஆட்ட நேரம் எதைப் பொறுத்தது என்று குழுவாகக் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும்? ஒரு குழு ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதையே ஓர் ஆட்டம் என்று எண்ணும், இன்னொரு குழு போய்த் திரும்புவதை எண்ணும். ஒரு குழு ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஸ்டாப்வாட்சை அழுத்தி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறதே என்று குழம்பும். இன்னொரு குழு நூலையும் எடையையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, நேரம் மாறியதற்கு எது காரணம் என்று சண்டை போடும். ஒரு குழு அழகாகப் படம் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் குழப்பங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஓர் ஆட்டம் எது என்பது வெறும் வழக்கம், அதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அதை நாமே சொல்லிவிட வேண்டும். படமா அட்டவணையா என்பதும் அப்படித்தான். ஆனால் இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் ஒன்றும் தெரியாமல் போகும் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்" என்று நாம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால், அவர்கள் கற்க வேண்டியதை நாமே தின்றுவிட்டோம் என்று அர்த்தம். அந்தச் சண்டை நடக்கட்டும். நல்ல சண்டை அது.

நடுவில் நிற்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. 10 ஆட்டத்துக்கு நேரம் பார்த்து 10ஆல் வகுக்க வேண்டும் என்பதைச் சொல்வதா, வேண்டாமா? அது அன்றைய பாட நோக்கத்தைப் பொறுத்தது. அளவீட்டில் வரும் பிழையைப் பற்றிய பாடம் என்றால் சொல்லக்கூடாது, அவர்களே அங்கே வந்து சேர வேண்டும். நீளத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் பாதி பாடவேளை அதிலேயே போய்விடும். நீங்கள் கேட்ட "எவ்வளவு" என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. இன்று மாணவர்கள் எந்த இடத்தில் திணற வேண்டும் என்று முடிவு செய்து, அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லாத் திணறலையும் அகற்றிவிடுங்கள்.

அப்படி எழுதினால் குழுவுக்குக் கொடுக்கும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஊசல் ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் ஆட்டம். 10 ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளந்து பாருங்கள். நேரத்தை மாற்றுவது நூலின் நீளமா, எடையா? 25 நிமிடத்தில் ஓர் அட்டவணையும் ஒரு வாக்கியமும் தயாராக இருக்க வேண்டும். வாக்கியம் உங்கள் முடிவைச் சொல்ல வேண்டும், அட்டவணை அதை நிரூபிக்க வேண்டும். குழுவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் இரண்டையும் விளக்கத் தெரிய வேண்டும்." அவ்வளவுதான். நூலின் நீளம் 25 சென்டிமீட்டர் இருக்கும்போது 10 ஆட்டத்துக்குச் சுமார் 10 விநாடி ஆகும், 100 சென்டிமீட்டர் ஆனால் சுமார் 20 விநாடி ஆகும். நீளம் 4 மடங்காகும்போது நேரம் 2 மடங்குதான் ஆகிறது. எடை மாறினால் ஒன்றும் மாறுவதில்லை. இவை எதுவும் குறிப்பில் இல்லை. எடையை மாற்றினால் நேரம் மாறும் என்று நம்பி வந்த மாணவர் தன் அட்டவணையைப் பார்த்து முழிக்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

வகுப்புக்கு முன் அந்த வேலையை நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள், மாணவர்களுக்குக் கொடுக்கப்போகும் அதே பொருள்களை வைத்து. ஒரு மீட்டர் நூலைச் சாதாரண மேசை விளிம்பில் கட்டித் தொங்கவிட்டால் எடை தரையில் இடிக்கும், மேசைகள் பெரும்பாலும் அதைவிடக் குட்டையானவை. அப்படியானால் கதவுச் சட்டத்தில் கட்ட வேண்டும், அல்லது நீளத்தைக் குறைக்க வேண்டும். ஊசலை மிக அகலமாக இழுத்துவிட்டால் ஆட்ட நேரம் கொஞ்சம் கூடும். அதனால் "கொஞ்சமாக மட்டும் இழுத்து விடுங்கள்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இவையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதும்போது தோன்றாது. இயற்பியலுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்டுரையைப் படித்து மூன்று கருத்து எடுக்கச் சொல்லும் வேலையைக்கூட நாமே செய்து பார்த்தால்தான் அதில் இரண்டு கருத்துதான் இருக்கிறது என்பது தெரியவரும்.

அடுத்தது, குறிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் போதாது. மனிதர் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் ஏழு என்று 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியது பரவலாகத் தெரியும். 2001இல் இன்னோர் உளவியலாளர் நெல்சன் கோவன் அதைச் சுமார் நான்கு என்று குறைத்தார். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. நாம் ஆறு கட்டளைகளை வரிசையாகச் சொல்லி முடிக்கும்போது முதல் இரண்டு மறந்திருக்கும். கரும்பலகையில் எழுதுங்கள், அல்லது குழுவுக்கு ஒரு தாள் கொடுங்கள். எனக்குத் தாள்தான் பிடிக்கும். கையில் தாள் இருந்தால் "என்ன செய்யணும்?" என்று கேட்பவரிடம் பக்கத்தில் இருப்பவரே வரியைத் தொட்டுக் காட்டிவிடுவார். வாசிக்கச் சிரமப்படும் மாணவர் இருக்கும் குழுவில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதை எல்லாக் குழுக்களுக்கும் பொது விதியாக வைத்துவிடுங்கள், யாரும் தனியாகத் தெரிய வேண்டாம்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். நாற்காலிகள் நகர்வதற்கு முன்னால் சொல்லி முடித்துவிட வேண்டும். குழுவாக உட்கார்ந்த பிறகு நண்பர்களின் முகம்தான் எதிரில் இருக்கும், உங்கள் முகம் இருக்காது. பொருள்களையும் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் வந்துவிட்டால் காதில் எதுவும் ஏறாது.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "புரிஞ்சுது" என்ற ஒரே பதில்தான் வரும். "முடிவில் என்னிடம் எதைக் காட்டப் போகிறீர்கள்?", "முதல் இரண்டு நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?", "ஸ்டாப்வாட்ச் யார் கையில் இருக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டித்தபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்ல முன்வருபவர்களும் கூடினார்கள். வழக்கமாகக் கை தூக்குபவரிடம் கேட்காமல், கேட்கத் தயங்குபவரிடம் அன்பாகக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் வகுப்புக்கே தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வேடிக்கை பார்க்கும் அந்த மூன்று பேருக்கு வருவோம். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார், முடிவுகள் 1913இல் வெளிவந்தன. ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது; எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவர் பங்கு தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். கயிற்றை ஒரே நேரத்தில் இழுக்காததால் அப்படி ஆகியிருக்கலாம் அல்லவா? 1979இல் லடானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் அதைச் சோதித்தார்கள். ஆட்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, மற்றவர்களும் சேர்ந்து கத்துவதாக நம்பவைத்துக் கத்தச் சொன்னார்கள். உண்மையில் தனியாகத்தான் கத்தினார்கள், அப்போதும் சத்தம் குறைந்தது. இதில் ஆசிரியருக்குத் தேவையான செய்தி பிறகு வந்தது: தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தத் தளர்ச்சி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஆகவே பிள்ளைகளின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் வேலையின் அமைப்பைப் பாருங்கள். ஐந்து பேருக்கு ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மதிப்பெண் என்று கொடுத்தால் மூன்று பேருக்கு உண்மையிலேயே வேலை இல்லை. குழுவின் அளவை நான்காகவோ மூன்றாகவோ குறையுங்கள். "யாரை எழுப்பினாலும் விளக்கத் தெரிய வேண்டும்" என்ற வரி குறிப்பில் இருக்கட்டும். அதை எழுதிவிட்டு, பிறகு குழுவே அனுப்பிவைக்கும் கெட்டிக்கார மாணவரை மட்டும் பேசவிட்டால் அடுத்த முறை அந்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள்.

பொறுப்புகளைப் பிரித்துக்கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் கவனமாக. நேரம் பார்ப்பவர், பொருள் எடுத்துவருபவர், எழுதுபவர், பேசுபவர் என்று பிரிக்கும் வழக்கத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. நேரம் பார்ப்பவருக்கு மணி பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது, அவர் யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு யோசிக்க அதிக உதவி தேவைப்படும் மாணவர் தலையில்தான் விழுகிறது. அதனால் பொறுப்பு என்பது பாடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பேன். ஒருவர் நீளம் பற்றிய எண்களுக்குப் பொறுப்பு, ஒருவர் எடை பற்றிய எண்களுக்குப் பொறுப்பு, ஒருவர் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று ஒவ்வொரு முடிவுக்கும் கேட்க வேண்டியவர். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் சமூக உளவியலாளர் எலியட் அரன்சன் செய்தது இந்த வழியில்தான். இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்ந்து, பகையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்றவர் துண்டைத் தெரிந்துகொள்ள அவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளையிடம் மற்றவர்கள் பொறுமையாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். "எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையால் முடியாததை வேலையின் அமைப்பு செய்தது.

நாம் முன்னால் சொல்லவே மறந்துபோகும் ஒன்று, எப்படிப் பேசுவது என்பது. வேலையை விளக்குகிறோம், பேச்சை விளக்குவதில்லை, அது தானாக வரும் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் நீல் மெர்சரும் உடன் பணியாற்றியவர்களும் பிள்ளைகளின் குழுப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஒருவகைப் பேச்சில் ஆளுக்கொரு கருத்தைப் பிடித்துக்கொண்டு மோதுகிறார்கள். இன்னொரு வகையில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். மூன்றாவது வகையில்தான் காரணம் கேட்டு, காரணம் சொல்லி, கருத்தை மாற்றிக்கொள்கிறார்கள், அது அரிதாகவே நடந்தது. பேச்சுக்கான விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து முடிவு செய்து பழக்கியபோது அந்தப் பேச்சு கூடியது. குழுவாக மட்டுமல்ல, தனியாக எழுதிய அறிவுத்திறன் தேர்விலும் அந்தப் பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று 1999இல் வெளியிட்டார்கள். விதிகள் மிகச் சாதாரணமானவை: எல்லாரும் பேச வேண்டும், கருத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், எழுதுவதற்கு முன் ஒத்துப்போக முயல வேண்டும்.

இதோடு இன்னொரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: விடையை மட்டும் சொல்லக்கூடாது, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கல்வி ஆய்வாளர் நோரீன் வெப் குழுக்களைப் பல காலம் கவனித்துக் கண்டது, விரிவாக விளக்குபவருக்குப் பாடம் நன்றாகப் பதிகிறது, வெறும் விடையை வாங்கிக்கொள்பவருக்குப் பயனில்லை என்பதைத்தான். "அவனுக்கு உதவி பண்ணு" என்று நாம் சொன்னால் பிள்ளைகளுக்கு அது "உன் நோட்டைக் காட்டு" என்றே கேட்கும். உதவி என்றால் என்ன என்பதையும் நாமே ஒரு முறை செய்துகாட்ட வேண்டும்.

உங்கள் தயக்கத்துக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லும் ஒருவர் எலிசபெத் கோஹன். ஸ்டான்போர்டில் சமூகவியல் பார்வையோடு குழு வேலையை ஆராய்ந்தவர். அவர் சொன்னது இது: ஒரே விடையும் தெரிந்த வழிமுறையும் உள்ள வேலை என்றால் படிப்படியான குறிப்பு உதவும். பல வழிகள் உள்ள, கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய வேலைக்கு அதே மாதிரிப் படிப்படியான குறிப்பு கொடுத்தால் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதே குறைந்துவிடும். பேச்சு குறைந்தால் கற்பதும் குறையும். எனவே வாய்ப்பாட்டுக் கணக்கைச் சரிபார்க்கும் குழுவுக்கு எட்டுப் படி எழுதிக்கொடுங்கள், தவறில்லை. ஊசலுக்கு அப்படி எழுதாதீர்கள்.

கோஹன் சொன்ன இன்னொன்றை ஒவ்வொரு ஆசிரியரும் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். வகுப்பில் யார் கெட்டிக்காரர் என்று பிள்ளைகள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். குழுவில் அவர் அதிகம் பேசுவார், அவர் சொல்வது தவறானாலும் எழுதப்படும். வேலைக்கு முன் ஆசிரியர் இப்படிச் சொல்ல வேண்டும் என்கிறார் கோஹன்: இந்த வேலைக்குப் பல திறமைகள் வேண்டும், எல்லாத் திறமையும் ஒருவரிடம் இருக்காது, ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கும். வெறும் ஆறுதலாகச் சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையாக, பெயரிட்டுச் சொல்ல வேண்டும்: துல்லியமாக நேரம் பார்ப்பது, ஒழுங்காகக் கட்டுவது, எண்களில் ஒரு போக்கைக் கவனிப்பது, சந்தேகத்தை விடாமல் கேட்பது. பிறகு வேலை நடக்கும்போது அமைதியான மாணவர் அவற்றில் ஒன்றைச் செய்வதைக் கண்டால் குழு கேட்கும்படி அதைச் சொல்லுங்கள்.

தொடங்கிய பிறகு முதல் இரண்டு மூன்று நிமிடம் எந்தக் குழுவிடமும் போகாமல் நின்று கவனியுங்கள். இது கடினம், ஆனால் உடனே ஓடிப்போனால் குறிப்பைப் படிக்கத் தேவையில்லை என்று அவர்களுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் தாளைப் பார்க்க வேண்டும், அடுத்து குழுவில் கேட்க வேண்டும், குழு முழுவதற்கும் தெரியாவிட்டால்தான் ஆசிரியரைக் கூப்பிடலாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். நீங்கள் அருகில் போகும்போது கூப்பிட்டவரிடம் கேட்காமல் வேறொருவரிடம் "உங்கள் குழுவின் கேள்வி என்ன?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், "பேசிவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று நகர்ந்துவிடலாம். ஒரே கேள்வி மூன்று குழுவிலிருந்து வந்தால் அது பிள்ளைகளின் கவனக்குறைவு இல்லை, குறிப்பில் ஓட்டை இருக்கிறது. வகுப்பை நிறுத்தி, எல்லாருக்கும் ஒரே முறை சொல்லித் திருத்திவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, முழு நேரத்தையும் ஒரே துண்டாகக் கொடுக்காதீர்கள். 25 நிமிட வேலையில் 8ஆவது நிமிடம் அட்டவணையின் தலைப்புகளைக் காட்ட வேண்டும் என்று ஓர் இடைநிறுத்தம் வையுங்கள். தவறான பாதையில் போன குழு அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. அடுத்த வகுப்புக்கு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வேலையை நீங்களே செய்து பாருங்கள், ஐந்தாறு வரியில் தாள் எழுதுங்கள், முடிவில் யாரை எழுப்பினாலும் சொல்ல வேண்டும் என்று அறிவித்து அதன்படி நடங்கள். பேச்சுக்கான விதிகள் அதற்கடுத்து வரட்டும், அவை பழக வாரக்கணக்கில் ஆகும். பாடவேளை முடிவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, தாளில் எந்த வரி குழப்பியது என்று மாணவர்களிடமே கேட்டு அதன் அடியில் கோடு போடச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வகுப்புக்கு எதைத் திருத்தி எழுத வேண்டும் என்பது உங்கள் கையிலேயே இருக்கும்.